சத்தம் போடாத புரொசெசர்

ஒரு கோப்பில் நான் ஒரு வரியை எழுதாமல் விட்டேன். நடந்ததைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் யாரிடம் சொன்னாலும், "இதுக்குப் போயோ இவ்வளவு?" என்ற கேள்விதான் அவர்களுடைய முகத்தில் தெரிகிறது. அதனால்தான் முழுவதையும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

கொழும்புத்துறை வீதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மத்தியானத்தில் அவர்கள் மீன் பொரிக்கும் மணம் படியேறி வந்து எங்கள் மேசைகளில் நிற்கும். மேலே நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் செய்தது ஒரே வேலை. ஐரோப்பாவில் ஒரு நகரத்தில், தனியாக வாழும் வயதானவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்று இருந்தது. யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளை ஜாவாவில் எழுதிக் கொடுத்ததும், வருடக்கணக்காக அதைப் பராமரித்ததும் நாங்கள்தான். பராமரிப்பாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். குறித்த நேரத்துக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கடந்தும் யாரும் அழுத்தவில்லை என்றால் மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கை போகும். மருந்து கொடுபடவில்லை என்றால் இன்னொரு எச்சரிக்கை. இப்படி முப்பத்திரண்டு விதிகள் இருந்தன.

அந்த முதியவர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. எண்களாகவே அவர்களைப் பார்த்தோம். ஆறு வருடம் அங்கே வேலை செய்தும் ஒரு பெயரை நான் கண்டதில்லை.

இனி, என் பிழை விளங்குவதற்குத் தொழில்விடயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாவாவில் எழுதும்போது ஒரு பகுதியின் தலையில் '@' போட்டு ஒரு சொல்லை எழுதலாம். அதற்கு அனொட்டேஷன் என்று பெயர். அது வெறும் குறிதான், தன்பாட்டில் ஒன்றும் செய்யாது. எழுதியதை எல்லாம் இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும்போது, அதாவது கொம்பைல் செய்யும்போது, அனொட்டேஷன் புரொசெசர் என்ற சிறு நிரல் ஒன்று இடையில் ஓடும். அது அந்தக் குறிகளைத் தேடிப் படித்து, நாங்கள் கையால் எழுத வேண்டிய அலுப்பான பகுதிகளைத் தானே எழுதிவிடும். எங்களிடம் மூன்று புரொசெசர்கள் இருந்தன. இரண்டு, உலகம் முழுக்கப் பயன்படுத்துபவை. மூன்றாவது எங்கள் அலுவலகத்திலேயே எழுதியது.

அதை எழுதியவர் குருநகரைச் சேர்ந்த ஓர் அண்ணை. எனக்கு முன்னே வேலைக்குச் சேர்ந்தவர், கெட்டிக்காரர். ஒவ்வொரு எச்சரிக்கை விதியின் தலையிலும் அவர் ஒரு குறியைப் போட வைத்தார். அவருடைய புரொசெசர் அந்தக் குறிகளைப் பார்த்து, முப்பத்திரண்டு விதிகளின் பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதும். மென்பொருள் இயங்கத் தொடங்கும்போது அந்தப் பட்டியலை வாசித்து, அதில் இருக்கும் விதிகளை வேலைக்கு விடும். புது விதி எழுதினால் தலையில் குறி போட்டால் போதும், பட்டியலைப் பற்றி யாரும் நினைக்கத் தேவையில்லை. பிறகு மாமனாருடைய நண்டு வியாபாரத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று அண்ணை வேலையை விட்டுப் போனார். அவர் போன பிறகு அந்தப் பட்டியலை உண்மையிலேயே யாரும் நினைக்கவில்லை.

ஜாவாவின் புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. பழைய பதிப்பில், மென்பொருளை உருவாக்கும் வழியைச் சொல்லும் பில்ட் கோப்பில், டிபென்டென்சிகள் எனப்படும் வெளி நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைத்திருந்தோம். புரொசெசர்களும் அதற்குள்ளேயே கிடந்தன. கொம்பைலர் அந்தக் குவியலுக்குள் தேடி, புரொசெசர் என்று கண்டதை எல்லாம் ஓடவிட்டது. புதிய பதிப்பு அப்படிச் செய்யாது. எந்தெந்தப் புரொசெசர் வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியலில் பெயர் சொல்ல வேண்டும். சொல்லாததை அது தொடாது. இந்த மாற்றம் திடீரென்று வந்ததும் இல்லை. ஒரு வருடமாகப் பழைய பதிப்பே ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது: நீங்கள் பெயர் சொல்லவில்லை, இருந்தும் ஓடவிடுகிறேன், இனிவரும் பதிப்பில் இப்படி நடக்காமல் போகலாம். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அதுவும் ஒரு வரியாக ஓடிப்போகும். எத்தனையோ தடவை அது என் கண்ணில் பட்டது. ஒரு தடவைகூட நான் நின்று வாசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புதிய பதிப்பைப் போட்டு ஓடவிட்டேன். ஆயிரத்துக்கு மேல் பிழைகள் வந்தன. திரை முழுக்கச் சிவப்பு. இருக்க வேண்டிய ஒன்று இல்லை, இல்லை, இல்லை என்று வரிக்கு வரி கத்தியது. நான் பயப்படவில்லை. காரணத்தைத் தேடி மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். பில்ட் கோப்பில் தனிப் பட்டியலை எழுதி, அதில் இரண்டு புரொசெசர்களைச் சேர்த்தேன். அடுத்த ஓட்டத்தில் ஆயிரம் பிழைகளும் மறைந்தன. பச்சை.

மூன்றாவதை நான் சேர்க்கவில்லை. அது இல்லை என்று யாரும் கத்தவில்லை. மற்ற இரண்டும் எழுதிக் கொடுப்பதை எங்கள் நிரல் நேரடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும், அதனால் அவை இல்லாவிட்டால் கொம்பைலர் நின்றுவிடும். அண்ணையின் புரொசெசர் எழுதுவதோ ஒரு பட்டியல் மட்டும். மென்பொருள் ஓடும் நேரத்தில்தான் அதைத் தேடும். பட்டியல் இல்லை என்றால், விதிகள் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

நான் சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கணினியில் ஒரு பொய் முதியவரை உருவாக்கி, அவர் வீட்டுக்கு யாரும் போகாதபடி செய்துவிட்டுக் காத்திருந்தேன். எச்சரிக்கை வந்தது. ஆனால் அது முந்திய மாதத்தில் பழைய பதிப்பு எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து வந்த எச்சரிக்கை. அந்தப் பழைய கோப்பு என் கணினியில் அழியாமல் கிடந்தது. சேர்வரில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் பில்ட் செய்வார்கள். அங்கே பட்டியல் பிறக்கவே இல்லை.

பின்னேரம் மனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஜாவா அலுவல் முடிஞ்சுதோ?"

"ஓம் சேர், முடிஞ்சுது. ரெஸ்ற் எல்லாம் பாஸ்."

"இவ்வளவு கெதியாவோ?" என்று சிரித்தார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அன்றிரவே அந்த மாற்றம் சேர்வருக்குப் போனது.

பதின்மூன்று நாள், கிட்டத்தட்ட இரண்டு கிழமை, ஒரு எச்சரிக்கைகூடப் போகவில்லை. யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு கேள்விப்பட்டேன், அங்கே மேற்பார்வையாளர்கள் சந்தோஷப்பட்டார்களாம். வேலை ஒழுங்காக நடக்கிறது, எல்லோரும் நேரத்துக்குப் போகிறார்கள் என்று தங்களுக்குள் பாராட்டிக்கொண்டார்களாம்.

இரண்டாவது கிழமையின் சனிக்கிழமை, தனியாக இருந்த ஒரு கிழவியின் வீட்டுக்குப் போக வேண்டிய பராமரிப்பாளருக்குக் காய்ச்சல். அவர் வரமாட்டார் என்பது பதிவானது, ஆனால் பதிலுக்கு ஆள் போடப்படவில்லை. வழமையாக அந்த நேரத்தில்தான் எச்சரிக்கை போகும், யாராவது ஓடிப்போவார்கள். அன்று போகவில்லை. ஞாயிறும் போகவில்லை. திங்கள் காலை அதே பராமரிப்பாளர் சுகமாகி அந்த வீட்டுக்குப் போனபோது, கிழவி குளியலறை வாசலில் கிடந்தாராம். சனிக்கிழமை காலையே விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

திங்கள் மத்தியானம் எங்களுக்கு அழைப்பு வந்தது. மின்சாரம் போய், ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. யன்னலைச் சாத்திவிட்டு, ஐந்து பேரும் ஒரு கணினியைச் சுற்றி நின்றோம். வாடிக்கையாளர் பக்கத்தில் பொறுப்பாக இருந்த பெண் எங்களோடு எப்போதும் சிரித்துக் கதைப்பவர். அன்று சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "சனிக்கிழமை ஏன் எச்சரிக்கை வரவில்லை என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்," என்று மட்டும் சொன்னார்.

கண்டுபிடிக்க இருபது நிமிடம் போகவில்லை. மென்பொருள் தொடங்கும்போது எத்தனை விதிகளை ஏற்றியது என்று ஒரு வரி எழுதும். முன்பெல்லாம் அதில் முப்பத்திரண்டு என்று இருக்கும். நான் மாற்றம் செய்த நாளிலிருந்து பூச்சியம் என்று இருந்தது. அதைக் கண்டது நான்தான். மற்றவர்கள் சேர்வரில், வலையமைப்பில் எல்லாம் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பில்ட் கோப்பைத் திறந்தேன். இரண்டு பெயர்கள். மூன்றாவதை எழுதினேன். சேர்வரில் பில்ட் செய்ததும் முப்பத்திரண்டு வந்தது. அடுத்த சில நிமிடங்களில், இரண்டு கிழமையாகப் போகாமல் இருந்த எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. அவற்றில் ஒன்று அந்தக் கிழவியின் எண்ணுக்கு உரியது. யாரும் இன்னும் வரவில்லை என்று அது சொன்னது.

"சேர், பிழை என்ரை," என்றேன்.

மனேஜர் திரையைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ," என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அறிக்கை எழுத வேண்டியவளும் நான்தான். மூலகாரணம் என்ற தலைப்பின் கீழ், "பில்ட் அமைப்பில் ஒரு புரொசெசர் குறிப்பிடப்படாமல் விடுபட்டது," என்று எழுதினேன். "நான் விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்ததை மனேஜர் அப்படித் திருத்தச் சொன்னார். அறிக்கையில் ஆட்கள் வரக்கூடாதாம். அந்தக் கிழவிக்கோ, அவருடைய பிள்ளைகளுக்கோ ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதக்கூடாது என்று அங்கிருந்து பதில் வந்தது. பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை நான் குருநகருக்குப் போனேன். காலைச் சந்தை கலைந்து, நிலத்துக்குத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டிகளுக்குள் நண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? இரும், கையைக் கழுவிப்போட்டு வாறன்."

தேவாலய மதிலோரம் நிழலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"லிஸ்ற் இல்லாட்டிக் கத்தச் சொல்லி ஒரு வரி நான் எழுதியிருக்கலாம்," என்றார். "லிஸ்ற் வெறுமையா இருந்தால் புரோகிராமை நிப்பாட்டு எண்டு. ஒரேயொரு வரி. நான் எழுதேல்லை."

"அது நீங்கள் எத்தினையோ வருசத்துக்கு முந்தி எழுதினது, அண்ணை. நீங்கள் எழுதினது வேலை செய்தது. நான்தான் அதை விட்டிட்டன்."

"வேலை செய்யேக்கை எல்லாம் சரியாத்தான் தெரியும். அது நிண்டுபோற நாளை நினைச்செல்லோ எழுதவேணும். நான் நினைக்கேல்லை." பிறகு கேட்டார், "அந்த மனிசி இப்ப எப்பிடி?"

"ஆஸ்பத்திரியிலை. அதுக்கு மேலை சொல்லமாட்டினமாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறுதல் தேடித்தான் நான் அங்கே போனேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிம்மதியாக நண்டு விற்றுக்கொண்டிருந்த மனிதரின் தலையிலும் பாதியை இறக்கி வைத்துவிட்டேன். இறக்கிய பிறகும் என் பங்கு குறையவில்லை. நான் போகும்போது அவர் நண்டுப் பெட்டிகளுக்குத் திரும்பிப் போகவில்லை. மதிலோரத்திலேயே நின்றார்.

அடுத்த நாள் புத்தூருக்குப் போனேன். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளிநாட்டில், வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்களோடு வந்து இருக்கச் சொல்லி நானும் கணவரும் கேட்டுக் களைத்துவிட்டோம். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து உரித்தபடியே சொன்னேன். புரொசெசர், பட்டியல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என் பிழையால் ஒரு வயதுபோன மனிசி இரண்டு நாள் விழுந்து கிடந்தார் என்று மட்டும்.

"ஆர், வெள்ளைக்காரியோ?"

"ஓம் அம்மா."

"பிள்ளையள் இல்லையோ?"

"தெரியாது."

"ரெண்டு நாளும் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லையோ?"

"அதுக்குத்தானம்மா எங்கடை புரோகிராம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"நானும் விழுந்தனான்," என்றார்.

"எப்ப?"

"போன மாசம். கிணத்தடியிலை. காலமை விழுந்து, வெயில் உச்சிக்கு வருமட்டும் எழும்பேலாமல் கிடந்தனான். பிறகு மெல்ல மெல்ல அரைஞ்சு வந்து தூணைப் பிடிச்சு எழும்பினன்."

"கூப்பிடேல்லையோ?"

"ஆரைக் கூப்பிடுறது?"

"நான் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறனான் தானே அம்மா!"

"பின்னேரம்தானே எடுத்தனீ. அதுக்குள்ளை எழும்பிட்டன்." வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தார். "சொன்னால் நீ என்ன செய்திருப்பாய்? வேலையை விட்டிட்டு ஓடி வந்திருப்பாய். அதுதான் சொல்லேல்லை."

அம்மா விழுந்த அன்று பின்னேரம் நான் எடுத்த அழைப்பு எது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. "சாப்பிட்டியளோ" என்று கேட்டிருப்பேன். "ஓம்" என்று சொல்லியிருப்பார். அம்மாவின் முழங்கையில் தழும்பு ஒன்று கறுத்துக் கிடந்தது. ஒரு மாதமாக வந்து போயும் நான் அதைக் கண்டதில்லை. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். பாசி வழுக்கியது. தேய்த்துக் கழுவினேன். கழுவும்போதுதான் அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெங்காயம் என்று அம்மா நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைக் கழுவாமலே உள்ளே போனேன்.

ஐந்து கிழமை கழித்து மனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை எனக்கும் அனுப்பியிருந்தார். குறித்த எண்ணுக்குரிய பயனாளி வைத்தியசாலையில் காலமாகிவிட்டார், எனவே அந்த முறைப்பாடு முடித்துவைக்கப்படுகிறது. இரண்டு வரிகள். எங்கள் தரவுத்தளத்தில் அந்த எண்ணை 'செயலில் இல்லை' என்று மாற்ற வேண்டும் என்று மூன்றாவது வரி. அந்த மாற்றத்தை நானே செய்தேன். வேறு யாரும் செய்வதை நான் விரும்பவில்லை. செய்து முடித்ததும் திரை வழமைபோல 'வெற்றி' என்று காட்டியது.

விழுந்ததாலா, வயதாலா, வேறு நோயாலா என்று அதில் எழுதவில்லை. "உன்னாலை எண்டு நீயேன் முடிவெடுக்கிறாய்?" என்று கணவர் கேட்டார். நான் முடிவெடுக்கவில்லை. இல்லை என்று முடிவெடுக்கவும் எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை.

அதன் பிறகு அண்ணையின் புரொசெசரை முழுதாக எடுத்துவிடும்படி வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். விதிகளின் பட்டியலைக் கையால் எழுதினேன். முப்பத்திரண்டு பெயர்கள், முப்பத்திரண்டு வரிகள். பட்டியல் வெறுமையாக இருந்தால் மென்பொருள் தொடங்கவே கூடாது என்று அடியில் இன்னொரு வரி. மொத்த வேலையும் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. இந்த நாற்பது நிமிட அலுப்பை மிச்சம் பிடிக்கத்தான் எங்களுக்கு ஒரு புரொசெசர் இருந்தது.

வருட முடிவில் அந்த வேலை எங்களிடமிருந்து போனது. காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. மேல்மாடியை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம். ஐந்து பேரில் இருவர் கொழும்புக்குப் போனார்கள். ஒருவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். வீதியில் கண்டால் அவர் எனக்குக் கையைக் காட்டுவார், மோட்டார் சைக்கிளை நிறுத்தமாட்டார். நான் வீட்டிலிருந்து வேறொரு கொம்பனிக்கு வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

மேல்மாடியை விடுவதற்கு முன், மென்பொருளைப் பொறுப்பெடுக்கும் புதிய குழுவுக்கு நாங்கள் அதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. வேறொரு நாட்டிலிருந்து ஒரு பொறியியலாளர் அழைப்பில் வந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பில்ட் கோப்பைக் காட்டினேன், ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பிறகு கையால் எழுதிய பட்டியலைத் திறந்தேன்.

"இதை ஏன் கையால் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஒரு அனொட்டேஷன் புரொசெசர் வைத்தால் தானாகவே எழுதிவிடுமே."

மனேஜர் என் பக்கத்தில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குக் கீழே கையசைத்து, வேண்டாம் என்றார். அந்தச் சம்பவத்தைப் பற்றி வெளியாருடன் கதைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

"இது இப்படியே இருக்கட்டும்," என்றேன். "தயவுசெய்து இதை மாற்ற வேண்டாம்."

"சரி, சரி," என்று அவர் சிரித்தார். அவருடைய திரை எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பின்னர் செய்ய வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் அவர் 'அனொட்டேஷன் புரொசெசர்' என்று குறித்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.